லென்ஸுக்குப் பின்னால் படரும் ஜவ்வு

கண்புரை ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்த அன்று சுவர்க் காலண்டரின் தேதி பளிச்சென்று தெரியும். பேரப்பிள்ளையின் முகம் தெரியும். அரிசியில் கிடக்கும் கல் கூடத் தெரியும். இரண்டு மூன்று வருடம் போன பிறகு அதே கண்ணில் மெல்ல ஒரு பனிமூட்டம் படரும். எதிரே வரும் பஸ்ஸின் நம்பர் கலங்கும், இரவில் விளக்கைப் பார்த்தால் கூசும். "ஆபரேஷன் பெயிலாயிடுச்சு", "புரை திரும்பவும் வந்துடுச்சு" என்று வீட்டில் பேச்சு கிளம்பும்.

உண்மையில் புரை திரும்ப வர முடியாது. புரை என்பது கண்ணின் லென்ஸே கலங்கிப் போவது. அந்த லென்ஸைத்தான் எடுத்தாகிவிட்டதே! அதற்குப் பதிலாக உள்ளே வைத்த பிளாஸ்டிக் லென்ஸும் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். கலங்குவது அந்த லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஒரு மெல்லிய உறை. ஆஸ்பத்திரிகளில் இதை 'ஜவ்வு படர்ந்திருக்கிறது' என்பார்கள். செயற்கை லென்ஸ் பிறந்த நாளிலிருந்து சுமார் ஐம்பது வருடம் கண் டாக்டர்களைப் படுத்தி எடுத்த ஜவ்வு இது. கடைசியில் அதை ஓரளவு அடக்கியது புதிய மருந்து எதுவும் இல்லை. லென்ஸின் ஓரத்தை மழுக்காமல் கூராக விட்டதுதான்! இந்த விஷயம் வெளியே அதிகம் பேசப்படுவதில்லை.

முதலில் கண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தெளிவான சதை, அதைச் சுற்றி மெல்லிய தோல். கண்ணின் லென்ஸும் கிட்டத்தட்ட அப்படித்தான், ஒரு பைக்குள் இருக்கிறது. அந்தப் பையின் பின்பக்கம் மிக மிக மெல்லியது. நடுப்பகுதியில் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்குதான் இருக்கும். இன்றைய ஆபரேஷனில் பையின் முன்பக்கத்தில் வட்டமாக ஒரு வாசல் திறந்து, கலங்கிப்போன சதையை எடுத்துவிட்டு, காலிப் பைக்குள் பிளாஸ்டிக் லென்ஸை வைக்கிறார்கள்.

சிக்கல் எங்கே? பையின் முன்பக்கத்து உள்சுவரிலும் விளிம்பிலும் ஒரே வரிசையாக உயிரணுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வாழ்நாள் முழுக்க லென்ஸை வளர்ப்பதுதான் அவற்றின் வேலை. எவ்வளவு கழுவினாலும் சில மிஞ்சிவிடும். லென்ஸ் போன பிறகும் அவை வேலையை நிறுத்துவதில்லை. பெருகுகின்றன, நகர்கின்றன, இயற்கையில் உயிரணுவே இல்லாத பின்சுவரின் மேல் ஊர்ந்து போய்ப் படிகின்றன. சில இடங்களில் ஜவ்வரிசி போல உப்பிக்கொண்டு நிற்கும் (இவற்றுக்கு எல்ஷ்னிக் முத்துக்கள் என்று அழகான பெயர் வேறு!). சில இடங்களில் நார் போலாகி உறையைச் சுருக்கிவிடும். இரண்டுமே பார்வையைக் கெடுக்கும்.

இப்போது 1940க்குப் போவோம். பிரிட்டன் மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்த கோடைக்காலம். ஆகஸ்ட் 15 அன்று வின்செஸ்டர் நகரத்துக்கு மேலே கோர்டன் கிளீவர் என்ற போர் விமானியின் விமானத்தைக் குண்டு துளைத்தது. விமானியின் தலைக்கு மேல் இருக்கும் கண்ணாடிக் கூடு சிதறி இரண்டு கண்களிலும் பாய்ந்தது. ஒரு கண் போய்விட்டது. அந்தக் கூடு உண்மையில் கண்ணாடி இல்லை, பெர்ஸ்பெக்ஸ் எனும் அக்ரிலிக் பிளாஸ்டிக். கிளீவரைப் போலக் காயம்பட்ட விமானிகளைப் பரிசோதித்தவர்களில் ஹெரால்ட் ரிட்லி என்ற லண்டன் கண் டாக்டரும் ஒருவர். சாதாரணக் கண்ணாடித் துண்டோ இரும்போ கண்ணுக்குள் போனால் சீக்கிரமே அழற்சி வரும். ஆனால் இந்தப் பிளாஸ்டிக் துண்டுகள் கண்ணுக்குள்ளேயே பல காலம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் கிடந்தன. ரிட்லி அதைக் கவனித்து மனதில் வைத்துக்கொண்டார்.

போர் முடிந்த பிறகு செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ரிட்லி ஒரு புரை ஆபரேஷன் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மருத்துவ மாணவர், எடுத்த லென்ஸுக்குப் பதில் வேறு ஒன்று வைக்காமல் விடுகிறீர்களே என்று கேட்டாராம். ரிட்லிக்கு இந்த யோசனை முன்பே உண்டு என்பதால் மாணவரின் கேள்வியை 'பிறந்த கணம்' என்று சொல்வது கொஞ்சம் சினிமாத்தனம். ஆனாலும் அந்தக் கேள்வி ரிட்லியைக் காரியத்தில் இறக்கியது என்பதை மறுக்க முடியாது. ரெய்னர் நிறுவனத்தின் ஜான் பைக்குடன் பேசினார். விமானத்துக்குப் பயன்பட்ட அதே பிளாஸ்டிக்கை இன்னும் சுத்தமாகத் தயாரித்து அதில் லென்ஸ் கடைந்தார்கள். 1949 நவம்பர் 29 அன்று 45 வயதுப் பெண் ஒருவருக்கு அறுவை நடந்தது. 1950 பிப்ரவரி 8 அன்று லென்ஸ் அவருடைய கண்ணில் நிரந்தரமாக அமர்ந்தது.

மனித லென்ஸின் வளைவை அப்படியே நகல் எடுத்திருந்தார்கள். பிளாஸ்டிக் ஒளியை அதிகமாக வளைக்கும் என்ற கணக்கு தப்பிவிட்டது. விளைவு, அந்தப் பெண்ணுக்குக் கிட்டத்தட்ட 20 டயாப்டர் கிட்டப்பார்வை! ஆனால் லென்ஸ் உள்ளே நின்றது, கண் அதை ஏற்றுக்கொண்டது. கணக்கை அடுத்தடுத்த லென்ஸ்களில் திருத்திக்கொண்டார்கள்.

ரிட்லி இதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. லென்ஸ் விற்பனையில் பங்கும் கேட்கவில்லை. விஷயத்தை ஒன்றரை வருடம் ரகசியமாக வைத்திருந்தார். ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர் பெயர்க் குழப்பத்தில் வேறொரு டாக்டர் ரிட்லியிடம் (பிரெடெரிக் ரிட்லி) பரிசோதனைக்குப் போய்விட, குட்டு வெளிப்பட்டது. 1951 ஜூலையில் ஆக்ஸ்போர்டு கண் மருத்துவ மாநாட்டில் தன் நோயாளிகளையே அழைத்துப் போய்க் காட்டினார். வரவேற்பு இல்லை. கண்ணிலிருந்து அந்நியப் பொருளை வெளியே எடுப்பதுதான் டாக்டரின் வேலை, உள்ளே வைப்பதா என்பது அந்தத் தலைமுறையின் எண்ணம். அக்காலத்தின் மிகப் பெரிய பெயரான டியூக்-எல்டரும் எதிர்ப்பாளர்கள் பக்கம்தான் இருந்தார்.

எதிர்த்தவர்கள் எல்லாரும் பொறாமைக்காரர்கள் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் அது நியாயம் ஆகாது. ரிட்லி லென்ஸ் கனமானது. சிலருக்கு இடம் பெயர்ந்து கண்ணின் அடியில் விழுந்தது. அழற்சி வந்தது. அதோடு பின்னுறையில் ஜவ்வும் படர்ந்தது. ஆம், இந்தக் கட்டுரையின் வில்லன் முதல் வரிசை நோயாளிகளிடமே வந்துவிட்டான்.

ஜவ்வு படராமல் இருக்க ஒரு முரட்டு வழி இருந்தது. பையே இல்லாவிட்டால் ஜவ்வு எங்கே படரும்? லென்ஸைப் பையோடு சேர்த்து முழுசாக இழுத்து எடுத்துவிடுவது. 1961ல் போலந்தின் கிர்வாவிச், உறையவைக்கும் முனையில் லென்ஸை ஒட்டவைத்து இழுக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகு இது உலகெங்கும் பரவியது. ஜவ்வுத் தொல்லை ஒழிந்தது. ஆனால் பிளாஸ்டிக் லென்ஸை வைக்க இருந்த ஒரே நல்ல இடமும் ஒழிந்தது. லென்ஸ் வைக்க ஆசைப்பட்டவர்கள் அதைக் கண்ணின் முன் அறையிலும் கருவிழித் திரையிலும் மாட்டிப் பார்த்தார்கள். பலருக்குக் கண்ணின் முன்புறம் பழுதாகிப் போனது. மற்ற எல்லாருக்கும் 'சோடாபுட்டி' கண்ணாடிதான்.

நம்மூரில் கண் முகாம்களுக்குப் போய்வந்த பெரியவர்கள் மூக்கில் அந்தக் கனத்த கண்ணாடியோடு நடமாடியதைப் பார்த்தவர்கள் இன்றும் நிறையப் பேர் இருப்பார்கள். பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். பக்கவாட்டில் தெரியாது. படி எங்கே இருக்கிறது என்ற கணக்குத் தப்பும். கண்ணாடி உடைந்தால் அன்றிலிருந்து திரும்பக் குருடுதான், மாற்றுக் கண்ணாடி வாங்கக் காசு கிடைக்கும் வரை.

பைக்குத் திரும்புவதைத் தவிர வேறு வழியில்லை என்பது 1970களில் புரிந்தது. அமெரிக்காவில் சார்லஸ் கெல்மன் 1967ல் அறிமுகப்படுத்திய முறை, லென்ஸை ஒலி அதிர்வால் உடைத்து உறிஞ்சிவிட்டுப் பையை மிச்சம் வைத்தது. (பல் டாக்டரின் அல்ட்ராசவுண்ட் கருவியைப் பார்த்து வந்த யோசனை இது.) 1977ல் லாஸ் வேகாஸின் ஸ்டீவன் ஷியரிங், கருவிழித் திரைக்குப் பின்னால் வைக்கும் வளைந்த கொக்கிகள் கொண்ட லென்ஸைக் கொண்டுவந்தார். 1980களின் நடுவில் கனடாவின் ஹோவர்ட் கிம்பல், ஜெர்மனியின் தாமஸ் நாய்ஹான் ஆகியோர் பையின் முன்பக்கத்தைக் கிழிசல் இல்லாமல் ஒரே வட்டமாகத் திறக்கும் முறையைத் தந்தார்கள். லென்ஸ் கடைசியில் ரிட்லி வைக்க நினைத்த இடத்துக்கே, பைக்குள்ளேயே, திரும்பி வந்தது. முப்பது வருடச் சுற்று!

பை திரும்பியதும் ஜவ்வும் திரும்பியது. 1980களில் இந்த முறையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஐந்து வருடத்துக்குள் பாதிப் பேர் வரை பின்னுறை கலங்கியது என்பது கண் மருத்துவ இலக்கியத்தில் திரும்பத் திரும்ப வரும் கணக்கு.

முன்பெல்லாம் இதற்குக் கண்ணுக்குள் ஊசியை விட்டு உறையைக் கீறினார்கள். 1980ஐ ஒட்டிப் பாரிஸில் டானியேல் ஆரோன்-ரோசாவும், சுவிட்சர்லாந்தின் பெர்னில் பிரான்ஸ் ஃபங்க்ஹவுசரும் தனித்தனியாக யாக் லேசரைக் கண்ணுக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர், நொடியின் கோடிக்கணக்கான பங்கில் ஒரு துடிப்பு. குவியும் புள்ளியில் மட்டும் ஒரு சிறு பொறி வெடித்து உறையைக் கிழிக்கும். கத்தி இல்லை, கட்டு இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே சில நிமிடத்தில் ஜவ்வின் நடுவில் ஜன்னல் திறந்துவிடும்.

பிரமாதமான கருவிதான், சந்தேகமில்லை. ஆனால் இது ஒரு விநோதமான நிலையை உண்டாக்கியது. லேசர் இருக்கிறதே என்ற தைரியத்தில் ஜவ்வு வராமல் தடுப்பது அவசரமில்லாத விஷயம் ஆகிவிட்டது. செலவுக் கணக்கைப் பாருங்கள். ஆபரேஷன் ஒரு பில், சில வருடம் கழித்து லேசர் இன்னொரு பில். அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு இந்த இரண்டாவது பில்லுக்கு ஆண்டுதோறும் கோடிக்கணக்கான டாலர் கொடுத்துக்கொண்டிருந்தது. லேசரில் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. கண் அழுத்தம் ஏறலாம், பிளாஸ்டிக் லென்ஸில் குழி விழலாம், சிலருக்கு விழித்திரை பிரியலாம்.

அதைவிடப் பெரிய கேள்வி, லேசர் இல்லாத ஊரில் என்ன செய்வது? முகாம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் ஆபரேஷன் செய்து கொண்டுவந்து விட்ட ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி, மூன்று வருடம் கழித்துப் பார்வை மங்கினால் எங்கே போவார்? பெரும்பாலும் எங்கேயும் போக மாட்டார். வயசாகிவிட்டது என்று திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். அவருடைய கணக்கில் லேசர் என்ற கண்டுபிடிப்பு நடக்கவே இல்லை.

இந்த நேரத்தில் ஜவ்வை ஒரு நோயாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் டேவிட் ஆப்பிள் என்ற அமெரிக்க நோய்க்குறியியலாளர். இறந்தவர்கள் தானம் செய்த, செயற்கை லென்ஸ் வைத்த கண்களை ஆயிரக்கணக்கில் சேகரித்தார். கண்ணைக் குறுக்கே வெட்டிப் பின்பக்கத்திலிருந்து படமெடுத்தால் (ஜப்பானின் மியாகே தொடங்கிய முறை இது) பை, லென்ஸ், ஜவ்வு மூன்றும் ஒரே பார்வையில் தெரியும். மிச்சமான சதையைச் சுத்தமாகக் கழுவுவதும், லென்ஸின் இரண்டு கால்களையும் பைக்குள்ளேயே வைப்பதும் எவ்வளவு முக்கியம் என்பது அந்தக் கண்களிலிருந்துதான் அழுத்தமாகத் தெரிந்தது. ரிட்லியின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் இதே ஆப்பிள்தான்.

உயிரணுக்களை மருந்தால் கொல்லவும் முயன்றார்கள். புற்றுநோய் மருந்துகளைக் கூடப் பரிசோதித்தார்கள். பையின் செல்லைக் கொல்லும் மருந்து கருவிழியின் செல்லையும் விட்டுவைக்காதே! அந்த வழி பெரிதாக முன்னேறவில்லை.

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1990களில் ஆல்கான் நிறுவனம் அக்ரிசாஃப் என்ற மடிக்கக்கூடிய அக்ரிலிக் லென்ஸைக் கொண்டுவந்தது. 1994ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சின்ன வெட்டு வழியாக மடித்து நுழைக்கலாம் என்பதுதான் அதன் பெருமை. ஆனால் இந்த லென்ஸ் வைத்தவர்களுக்கு ஜவ்வு வெகு குறைவாக வருவதை டாக்டர்கள் கவனித்தார்கள். 1998ல் இதை அளந்து வெளியிட்டவர்களில் ஒரு குழு, ரிட்லியின் அதே செயின்ட் தாமஸ் மருத்துவமனையைச் சேர்ந்தது. பழைய பிளாஸ்டிக், சிலிகான், அக்ரிசாஃப் மூன்றையும் ஒப்பிட்டதில் அக்ரிசாஃப் கண்களில்தான் ஜவ்வு மிகக் குறைவு.

அந்தப் பொருளில் ஏதோ மகிமை இருக்கிறது என்று பலர் நினைத்தார்கள். ஒசாகாவின் ஒகிஹிரோ நிஷிக்கு வேறு சந்தேகம். பழைய லென்ஸ்களைக் கடைந்து முடித்ததும் உருட்டி உருட்டி மெருகேற்றுவார்கள். கண்ணுக்குள் போகும் பொருள் வழவழப்பாக இருக்க வேண்டும் அல்லவா? அதனால் ஓரம் உருண்டுவிடும். அக்ரிசாஃப் தயாரிக்கும் முறையில் ஓரம் உருளவில்லை. செதுக்கிய மரப்பலகை போலச் செங்கோணமாக நின்றது. ஜவ்வைத் தடுக்க என்று யாரும் அப்படிச் செய்யவில்லை.

நிஷி முயல்களில் சோதித்தார். அதே அக்ரிலிக் லென்ஸின் ஓரத்தை உருட்டி வைத்தால்? 2001ல் வெளியான அந்தச் சோதனையில், ஓரம் உருண்டதும் தடுக்கும் சக்தி காணாமல் போனது. ஆக, பொருளை விட ஓரம்தான் முக்கியம். ஆபரேஷனுக்குப் பிறகு பை சுருங்கி லென்ஸை இறுக்கிப் பிடிக்கிறது. கூரான ஓரத்தில் உறை சட்டென மடிகிறது. பின்சுவரில் ஊர்ந்து வரும் உயிரணுக்கள் அந்த மடிப்பில் முட்டி நின்றுவிடுகின்றன. வயல் வரப்பில் தண்ணீர் நிற்பது போல. உருண்ட ஓரமாக இருந்தால் சரிந்து உள்ளே போய்விடும். இதில் டாக்டரின் கைவேலையும் உண்டு. பையின் வட்ட வாசல் லென்ஸைவிடச் சற்றுச் சிறியதாக, சுற்றிலும் லென்ஸின் ஓரத்தை மூடியபடி இருக்க வேண்டும். ஒரு பக்கம் விலகினாலும் அந்தப் பக்கம் வரப்பு உடைந்த மாதிரிதான்.

இதில் மதுரைக்கு ஒரு பங்கு இருக்கிறது. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் 1976ல் 11 படுக்கையோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. 1980களில் செயற்கை லென்ஸ் என்றால் இறக்குமதி, ஒன்று நூறு டாலரை ஒட்டிய விலை. ஏழை நாடுகளுக்கு இது கட்டுப்படியாகாது, கண்ணாடியே போதும் என்று சொன்ன நிபுணர்கள் அப்போது நிறையப் பேர். 1992ல் மதுரையில் ஆரோலேப் என்ற தொழிற்கூடம் தொடங்கி அங்கேயே லென்ஸ் தயாரித்தார்கள். விலை பத்து டாலராகி, பிறகு அதற்கும் கீழே போனது. சோடாபுட்டிக் கண்ணாடி மறைந்ததில் இந்தத் தொழிற்கூடத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அங்கே அதிகம் தயாரானது ரிட்லி காலத்துப் பிளாஸ்டிக் லென்ஸ்தான். மடியாது, விலை குறைவு, சிறு வெட்டு முறைக்குப் போதுமானது. ஓரம்தான் முக்கியம், பொருள் அல்ல என்றால் அந்த மலிவு லென்ஸின் ஓரத்தையும் கூராக்கலாமே? செய்தார்கள். உருண்ட ஓரம், கூர் ஓரம் இரண்டையும் ஒப்பிட்டு அரவிந்த் மருத்துவர்கள் ஹரிப்பிரியா அரவிந்த் உள்ளிட்டோரும் அமெரிக்காவின் டேவிட் சாங்கும் சேர்ந்து செய்த ஆய்வு 2017ல் வெளியானது. ஒன்பது வருடம் தொடர்ந்து கவனித்ததில், கூர் ஓர லென்ஸ் வைத்த கண்களில் ஜவ்வு கணிசமாகக் குறைந்திருந்தது. விலை உயர்ந்த மடிக்கும் லென்ஸ் வாங்க முடியாதவருக்கும் இந்தப் பாதுகாப்பு கிடைக்கும் என்பதற்கு இது சான்று. கூர் ஓரத்துக்காகத் தனி பில் போட வேண்டியதில்லை. மூன்று வருடம் கழித்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் பிடித்து, லேசருக்காக வர வேண்டிய செலவு மிச்சம்.

கூர் ஓரத்துக்கும் விலை உண்டு. பக்கவாட்டிலிருந்து வரும் வெளிச்சம் அந்தச் செங்கோண ஓரத்தில் பட்டுத் தெறித்து, சிலருக்குப் பார்வையின் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு ஒளிக்கீற்று தோன்றும். அதனால் முன்பக்க ஓரத்தை உருட்டி, பின்பக்க ஓரத்தை மட்டும் கூராக விட்ட லென்ஸ்கள் 2000க்குப் பிறகு வந்தன. உயிரணுக்கள் தாண்ட முயல்வது பின்பக்கத்தில்தானே!

ஜவ்வு முழுதாக ஒழிந்துவிடவில்லை. பத்துப் பதினைந்து வருடம் போனால் கூர் ஓரத்தையும் சில உயிரணுக்கள் தாண்டுகின்றன. லேசருக்கு இன்னும் வேலை இருக்கிறது. குழந்தைகளிடம் ஓரம் தோற்றுப் போகிறது. பிறவியிலேயே புரையோடு வரும் குழந்தையின் உயிரணுக்கள் அவ்வளவு வேகமாக வளரும். லேசருக்கு அசையாமல் உட்காரவும் அந்தக் குழந்தையால் முடியாது. ஆகவே சின்னக் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்யும் டாக்டர்கள், பின்னுறை கலங்கும் வரை காத்திருப்பதில்லை. லென்ஸை எடுக்கும் அன்றே உறையின் நடுவிலும் தாங்களே ஒரு வட்டம் வெட்டிவிடுகிறார்கள்.

ரிட்லிக்கு அங்கீகாரம் மிகத் தாமதமாக வந்தது. 1986ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். பின்னாளில் தன் கண்களிலும் புரை வந்து, தான் கண்டுபிடித்த வகை லென்ஸையே செயின்ட் தாமஸில் வைத்துக்கொண்டார். 2000ல் சர் பட்டம் கிடைத்தபோது வயது 93. அடுத்த வருடம் மே 25 அன்று இறந்தார். நிஷியின் முயல் சோதனை அச்சானதும் அதே 2001ல்தான்.